இடப்பக்கத்துக் கோடு

பாய்லர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் படக்கா. படம் எடுக்கும் அக்கா என்பது நாளாக நாளாகத் தேய்ந்து படக்கா ஆகிவிட்டது. அவளைவிட எவ்வளவோ மூத்தவரான கிரேன் ஓட்டுநர்கூட, "படக்கா வருது, வழிய விடுங்கப்பா" என்றுதான் சொல்வார்.

அவள் எடுத்தது இரும்பின் படம். இரண்டு குழாய்களைச் சேர்த்து வெல்டிங் செய்துவிட்டால், மேலே பார்க்க எல்லாமே வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு பொத்தலோ, ஒட்டாமல் விட்டுப்போன ஒரு மயிரிழையோ இருந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாய்லரில் நீராவி அழுத்தம் ஏறும்போது அந்த இடம்தான் முதலில் பிளக்கும், பக்கத்தில் நிற்பவன் கதை அதோடு முடியும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் அறுத்துப் பார்க்காமலே உள்ளே பார்த்தாக வேண்டும்.

அதற்கு அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. கைப்பிடி வைத்த சிறிய பெட்டிதான், ஆனால் தூக்கினால் தோள் இறங்கிவிடும் கனம். அதன் நடுவில் மிளகு அளவு இரிடியம். எந்நேரமும் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருக்கும் அந்தத் துண்டு பெட்டிக்குள் இருக்கும்வரை சாது. குழாயின் ஒரு பக்கம் ஃபிலிமைச் சுற்றிவிட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தொலைவில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், நீளக் கம்பி வழியாக அது வெளியே வந்து குழாய்மேல் நிற்கும். சில நிமிடம் கழித்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இரும்பு தடித்திருக்கும் இடத்தில் கதிர் குறைவாகக் கடக்கும், குறை இருக்கும் இடத்தில் அதிகமாகக் கடக்கும். ஃபிலிமைக் கழுவி விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தால் குறை கறுப்பாகத் தெரியும். மதிய இடைவேளையில் கூடமே காலியாக இருக்கும்போதுதான் அவள் வேலை பெரும்பாலும் நடந்தது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்து கயிற்றுக்கு வெளியே நின்று, "என்ன படக்கா, உங்க தூங்குமூஞ்சி உள்ள போயாச்சா?" என்று கேட்பார்கள். பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

இந்த வேலைக்கு அவள் வந்ததே அண்ணன் சொல் மீறித்தான். அதே தொழிற்சாலையில் அண்ணன் வெல்டர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைப் படிக்கவைத்தவனும், சாமான் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். கிடங்கில் நிழலில் உட்கார்ந்து திருகாணி எண்ணிக்கொண்டிருந்தவள், கதிர்ப்படப் பிரிவுக்குப் பயிற்சிக்கு ஆள் கேட்டதும் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டாள். அண்ணன் அன்று குதித்த குதி கொஞ்சநஞ்சமில்லை.

"உலகத்துல எத்தனையோ வேலை இருக்கு. கண்ணுக்குத் தெரியாத விஷத்தோட விளையாடற வேலைதான் கிடைச்சுதா உனக்கு?"

"கரண்டும்தான் கண்ணுக்குத் தெரியல. நீ தினம் அதை வச்சு இரும்பை உருக்கறே, நான் ஏதாவது சொன்னேனா?"

"கரண்டு அடிச்சா உடனே தெரியும். இது எப்ப அடிச்சுது, எங்க அடிச்சுதுன்னே தெரியாது."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை, கையோடு கொண்டுபோகும் கதிர் மீட்டர், கட்டும் கயிறு என்று பயிற்சியில் கற்றதையெல்லாம் சொன்னாள். அண்ணன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டான். வேலையிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் அவன் மகளைத் தூக்க வேண்டும்.

"டார்ச் அடிச்சா வெளிச்சம் சுவத்துல ஒட்டிக்கிட்டா நிக்குது? அணைச்சதும் போயிடுது இல்ல? இதுவும் அப்படித்தாண்ணா. என் மேல எதுவும் ஒட்டாது."

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம். குளிச்சிட்டு வா."

அவள் மாடி அறையில் இருந்தாள், அண்ணன் குடும்பம் கீழே. அவள் வரும் ஓசை கேட்டால் பெண்குழந்தை படியிலேயே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோல் சமையலறைக்குள் போய்விடுவாள். வெளியில் அவ்வளவு சுலபமாக இல்லை. அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், டீ ஆறுவதற்குள் வேலை என்ன என்று விசாரித்துவிட்டு, "பொறக்கற குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனது. அன்று ராத்திரி முழுக்க அண்ணன் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்தான். 

தொழிற்சாலைக்குள் அண்ணனுக்கு இருந்த மதிப்பே வேறு. அவனுக்கு அங்கே நூல் என்று பெயர். நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும் அவனுடைய வெல்டிங். உயர் அழுத்தக் குழாய் என்றால் ஃபோர்மேன் வேறு யாரையும் கூப்பிட மாட்டார். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. படம் எடுக்கும்போது பக்கத்தில் வைக்கும் ஈய எழுத்துகளால் அது ஃபிலிமின் ஓரத்தில் விழும். அண்ணனின் எண் உள்ள படங்கள் ஒரே சீரான சாம்பல் பட்டையாக, ஒரு புள்ளி கறுப்பு இல்லாமல் இருக்கும். எத்தனையோ பேருடைய இணைப்புகளைக் குறை உண்டு என்று அவள் தள்ளியிருக்கிறாள். அண்ணனுடையதைத் தள்ள வேண்டி வந்ததே இல்லை. அவன் படம் வந்தால் தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு காகித ஆலைக்கான பாய்லர் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் முதல் கோடு விழுந்தது. அண்ணன் எண் போட்ட ஃபிலிம். பட்டையின் ஓரத்தில், பேனாவால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. ஃபிலிமில் கீறல் விழுந்திருக்கும் என்று நினைத்து மறுபடி எடுத்தாள். கோடு அதே இடத்தில் இருந்தது. நிரப்பிய உலோகம் குழாயின் விளிம்போடு உருகிச் சேரவில்லை என்று அர்த்தம்.

ஃபோர்மேன் படத்தைத் தூக்கிப் பார்த்தார். "யாரோட ஜாயிண்ட்னு பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"ரெண்டாவது தரம் எடுத்தியா?"

"எடுத்தேன். அப்படியேதான் இருக்கு."

"அப்ப தள்ளிடு. நான் அவன்கிட்ட சொல்லிக்கறேன்."

ஆனால் அவர் சொல்வதற்குள் சேதி கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன் நேராக அவள் அறைக்கு வந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. விளக்குப் பெட்டிமேல் குனிந்து பார்த்துவிட்டு, "இது படத்தோட கோளாறு" என்றான்.

"தோண்டிப் பாத்துடலாம்ணா."

தோண்டினார்கள். அரவை இயந்திரம் மேல் உலோகத்தைச் சீவிச் சீவி எடுக்க, உள்ளே அந்தக் கோடு அப்படியே இருந்தது. அண்ணன் முகமூடியை இறக்கிக்கொண்டு திரும்ப வெல்டிங் செய்தான். யாருக்கும் ஒருநாள் கை தவறும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தது.

வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள். அவள் உட்கார்ந்தால் அவனுக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். "நாளைக்கு வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கும்னு உன் நாத்தனார கேளு" என்பான் அண்ணன். "என்கிட்டதான்னு சொல்லுங்க அண்ணி" என்பாள் அவள். ஒருநாள் அண்ணி கரண்டியை டங்கென்று வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என் வழியா பேசறீங்களே, நான் என்ன போஸ்ட் ஆபீஸா?"

அண்ணன் அன்றைக்குத்தான் வாய் திறந்தான். தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நான் வெல்டிங் பிடிச்சப்ப இவ ஸ்கூல் பை தூக்கிக்கிட்டு போயிட்டிருந்தா. இன்னைக்கு ஊர் சிரிக்க என் கையை அசிங்கப்படுத்தறா. படத்துல கோடு இருக்காம், கோடு."

அவள் அங்கே நிற்கவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இல்லாத கோட்டை இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு என்ன வந்தது? இருக்கிறதை இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்தக் காகித ஆலையில் பாய்லர் பக்கத்தில் நிற்கப்போகிறவனுக்கும் ஒரு வீடு இருக்கும்.

ஃபோர்மேனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அண்ணனை அழுத்தக் குழாய்களிலிருந்து எடுத்து, தாங்குசட்டம் வெல்டிங் செய்யும் பக்கம் மாற்றிவிட்டார். நூல் அறுந்துவிட்டது என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

அந்த வாரத்தில் ஒரு மதியம், படம் எடுக்கும் வேலை எதுவும் இல்லாதபோது, அண்ணனின் தள்ளிய படங்களையெல்லாம் எடுத்து விளக்குப் பெட்டிமேல் வரிசையாகப் பரப்பினாள். ஏன் பரப்பினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. களைத்துப்போனவன் செய்யும் தப்பு ஒரு இடத்தில் நிற்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். அண்ணனின் கோடுகள் அப்படி இல்லை. ஈய எழுத்துகள் குழாயில் எங்கே இருந்தன என்பதை வைத்து அவன் எந்தப் பக்கம் நின்றான் என்று கணக்கிட்டாள். ஒவ்வொரு படத்திலும் கோடு அவனுக்கு இடப்பக்கம். ஒன்றுகூட வலப்பக்கம் இல்லை.

இயந்திரத்தில் கோளாறா என்று பார்க்க, அதே வெல்டிங் இயந்திரத்தில் வேறொருவரை வைத்து ஒரு துண்டுக் குழாயை இணைக்கச் சொன்னாள். படம் பளிச்சென்று வந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக அண்ணன் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறான். "யாரு இந்த ஸ்டூல இங்க வச்சது?" என்று கத்துகிறான், ஸ்டூல் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் தெருவில் சைக்கிள் ஒன்று அவன் மேல் மோத வந்தது. ஓட்டியவனைக் குருடன் என்று திட்டிவிட்டு வந்தான்.

அன்று இரவு அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எழுந்து போகவில்லை. அண்ணனுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நேரே பார்த்துச் சாப்பிட்டான். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, அவன் இடது காதுக்குக் கொஞ்சம் முன்னால், எட்டினால் வாங்கிக்கொள்ளும் தூரத்தில் நீட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணி கவனித்துவிட்டாள். என்ன விளையாட்டு இது என்பதுபோல் பார்த்தாள். அண்ணன் பார்க்கவே இல்லை.

"அண்ணா."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, சுவத்துல இருக்கற காலண்டரையே பாரு, தலைய திருப்பாதே. இப்ப என் கை எங்க இருக்கு?"

"எந்தக் கை?"

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள். அண்ணன் தலையைத் திருப்பினான். முகத்துக்குப் பக்கத்தில் நின்ற டம்ளரைப் பார்த்தான்.  பிறகு தலையை நேராக்கிக்கொண்டு, "இன்னொரு தரம் நீட்டு" என்றான். அவள் நீட்டினாள். "நீட்டிட்டியா?" என்று கேட்டான்.

கண் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். கிண்ணம்போல் குழிந்த ஒரு கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வந்த தாளில் இரண்டு கண்ணுக்குமே இடது பாதி கறுப்பாக இருந்தது. அப்புறம் ஸ்கேன். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழியை ஒட்டி ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார்.

"கொஞ்சம் கொஞ்சமா வளர்ற வகை. மத்த இடத்துக்குப் பரவாது. ஆனா இதை இப்படியே விட்டா நரம்பை நசுக்கிடும். இருக்கற இடம் கத்தி வைக்கற இடமில்ல. நாங்க கதிர்வீச்சு சிகிச்சைதான் சொல்றோம். தினம் கொஞ்சமா, அஞ்சாறு வாரம்."

அண்ணன் டாக்டரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "மாத்திரை, கீத்திரை ஒண்ணும் இல்லைங்களா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அண்ணி அழுதுபார்த்தாள், சண்டை போட்டுப்பார்த்தாள். அவன் பிடிகொடுக்கவில்லை. படக்கா எதுவும் சொல்லவில்லை. அவள் சொன்னால் இன்னும் வீம்பாகிவிடுவான் என்று தெரியும். சில நாள் கழித்து ஒரு மாலை, படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பயமா இருக்கு குட்டி."

"எனக்கும் பயம்தாண்ணா."

"உனக்கு என்ன பயம்? நீதான் தினம் அதோட குடும்பம் நடத்தறியே."

"தினமும் பயந்துக்கிட்டுதான் நடத்தறேன். அதனாலதான் கயிறு கட்டறேன். மீட்டர் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். பயப்படாதவன எங்க பிரிவுல சேத்துக்கவே மாட்டோம்."

அண்ணன் கொஞ்சம் சிரித்தான். "அங்கயும் உன் பெட்டி மாதிரிதானா?"

"இல்ல. என் பெட்டில இருக்கறது நிக்கவே நிக்காது, மூடித்தான் வைக்கணும். ஆஸ்பத்திரில இருக்கறது கரண்டுல ஓடற மிஷின். சுவிட்சை அணைச்சா வெறும் இரும்பு. ஒரே பக்கத்துல இருந்து அடிக்காம, சுத்திச் சுத்தி வந்து பல பக்கத்துல இருந்து அடிக்கும். எல்லாம் ஒண்ணு சேர்ற இடம் கட்டி. வழில இருக்கறதுக்குக் கொஞ்சம்தான் படும். கொஞ்சமும் படாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். முடி கொட்டலாம், அசதியா இருக்கும். டாக்டர் சொன்னாங்க இல்ல."

"பொழைக்குமா கண்ணு?"

"இருக்கறது போகாம நிக்கும்னாங்க. போனது திரும்புமான்னு தெரியாது."

அவன் எழுந்து போகும்போது, "நாளைக்கு நீயும் வா" என்றான்.

முதல் நாள், வெந்நீரில் நனைத்து இளக்கிய ஒரு வலையை அவன் முகத்தின்மேல் படியவைத்து, முகத்தின் அச்சாகவே இறுகவைத்தார்கள். தலை அசையாமல் இருப்பதற்காம். எழுந்ததும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெல்டிங் முகமூடியில கண்ணுக்கு மட்டும்தான் ஓட்டை. இதுல மொத்தமும் ஓட்டை" என்றான். ஸ்கேனுக்கான மருந்து ஏற்ற வந்த நர்ஸ் ஊசி உறையைப் பிரித்தபோது, உறைமேல் இருந்த சின்னச் சிவப்பு வட்டத்தைப் படக்கா சுட்டிக்காட்டினாள்.

"இது மஞ்சளா இருந்ததுண்ணா. கதிர்வீச்சுல வச்சு கிருமியெல்லாம் கொன்னதும் சிவப்பா மாறிடும். சுட வைக்காமலே சுத்தம் பண்றது."

"இந்த ஊசியுமா?"

"ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் இப்படித்தான் வருது" என்றாள் நர்ஸ். அண்ணன் கையை நீட்டியபடியே தங்கையைப் பார்த்து, "உங்க ஆளுங்க எல்லா இடத்துலயும் இருக்காங்கடி" என்றான்.

சில நாள் கழித்து, சிகிச்சை தொடங்கிய அன்று, அவன் உள்ளே போக, கனத்த கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் படக்காவுக்குப் புரிந்தது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று. மீட்டர் இல்லை, சுற்றுவதற்குக் கைப்பிடி இல்லை. கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைந்ததும் எழுந்து நின்றுகொண்டாள்.

அன்று வீடு திரும்பியதும் வேறொரு கூத்து. மகள் ஓடிவந்தாள். அண்ணன் வாசல்படியிலேயே நின்று இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான். "கிட்ட வராதே பாப்பா. அப்பா குளிச்சிட்டு வரேன்."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. படக்கா அவனையே பார்த்தாள். அண்ணனே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை இறக்கினான். குழந்தை காலைக் கட்டிக்கொண்டது.

அந்த வாரங்கள் லேசாகப் போகவில்லை. நெற்றிக்கு மேலே ஒரு திட்டு முடி கொட்டியது. மத்தியானத்தில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போவான். சாப்பாடு மண்போல் இருக்கிறது என்று அண்ணியிடம் எரிந்து விழுவான். படக்கா ஃபோர்மேனிடம் கேட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, பெரும்பாலும் அவளே கூடப் போனாள். வழியில் பஸ்ஸில் இருவரும் பேசியதைவிடப் பேசாமல் வந்ததுதான் அதிகம். ஒருநாள் மட்டும் அண்ணன், "நீ அந்தப் படத்தையெல்லாம் தள்ளாம விட்டிருந்தா?" என்று தொடங்கினான். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "நம்ம ஸ்டாப் வருது, எழுந்திரு" என்று சொல்லிவிட்டாள்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி வளராமல் நின்றிருந்தது. கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. இடப்பக்கத்து இருட்டில் ஒரு பகுதி விலகியிருந்தது. கதவு நிலை தெரிகிறது, ஓரம்தான் இன்னும் மங்கல் என்றான் அண்ணன். அது வாழ்க்கைக்குப் போதும், அழுத்தக் குழாயில் வெல்டிங் செய்யப் போதாது. டாக்டர் அதைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. படக்கா ஆறுதல் சொல்லப் போகவில்லை. அவளுக்கும் அது துக்கம்தான். அந்தச் சாம்பல் பட்டைகள் இனி வரப்போவதில்லை.

ஃபோர்மேன் அவனுக்கு வேறு வேலை கொடுத்தார். வெல்டிங்குக்கு முன்னால் குழாய்கள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா, இடைவெளி சரியா என்று பார்த்து ஒப்புதல் தருவது. முதலில், "கை கட்டி வேடிக்கை பாக்கற வேலை" என்று முணுமுணுத்தான். ஆனால் விரலால் விளிம்பைத் தடவியே கோணல் எங்கே என்று சொல்லிவிடுவான். அவன் சரி என்று சொல்லாத குழாயில் யாரும் கைவைக்க முடியாது. இளம் வெல்டர்கள் அவனைக் கண்டால் ஒளிந்தார்கள் என்று கேள்வி. காகித ஆலைக்கு பாய்லர் போய்ச் சேர்ந்தது. அதை ஓடவைத்துக் காட்டப் போய்வந்த ஃபோர்மேன், அங்கே ஓடும் காகிதத்தின் கனத்தைக்கூடத் தொடாமல் கதிரைச் செலுத்தித்தான் அளக்கிறார்கள் என்று அதிசயமாகச் சொன்னார். "அங்கயும் ஒரு படக்கா இருப்பாங்க" என்றான் அண்ணன்.

படக்கா இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர். அவளுக்கு இன்னொரு வரன் வந்தது. இந்தத் தடவை அண்ணனே முந்திக்கொண்டு, "என் தங்கச்சி இரும்புக்குள்ள படம் எடுக்கறா. என் கண்ணு தப்பிச்சதே அதனாலதான்" என்று மார்தட்டிச் சொன்னான். அவர்களும் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள், "போனா போகட்டும்ணா, டீ மிச்சம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க இருவரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இந்த முறையும் டாக்டர், "அப்படியே இருக்கு, அடுத்த வருஷம் வாங்க" என்றார். வெளியே வந்தால் சாலை நிறைய வண்டிகள். எதிர்ப்பக்கம் போய் பஸ் பிடிக்கலாம் என்றாள் அவள். இந்தப் பக்கமே வரும் என்று அண்ணன் சாதித்தான். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு அவன் விட்டுக்கொடுத்தான். அவள் அவனுக்கு இடப்பக்கம் வந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டிகள் ஓய்ந்ததும் இருவரும் சாலையைக் கடந்தார்கள்.